2,399 ரூபாய் ஷூ, மூணே மேட்ச்! ஹாக்கி ஷூ, கிளவுஸ், ஸ்கேட்ஸ் சரியான அளவுல வாங்குவது எப்படி?



சம்பளம் கிரெடிட் ஆன மெசேஜ் வந்ததும், ராத்திரி படுத்துக்கிட்டே போன்ல ஆஃபர் பார்க்குற பழக்கம் உங்களுக்கு இருக்கா? எனக்கு இருந்துச்சு. அப்படி ஒரே ராத்திரியில மூணு பொருள் ஆர்டர் பண்ணேன். ஹாக்கி ஷூ 2,399 ரூபாய், ஹாக்கி கிளவுஸ் 699 ரூபாய், அக்கா பையனுக்கு ரோலர் ஸ்கேட்ஸ் 3,200 ரூபாய். மொத்தம் 6,298. என் சம்பளம் அப்போ 22,000. அதாவது சம்பளத்துல கால் பங்குக்கும் மேல.

மூணுமே நல்ல பொருள்தான், தள்ளுபடியும் உண்மையான தள்ளுபடிதான். ஆனா ஒண்ணுகூட அளவு சரியா இல்ல. அதனால அந்த 6,298 ரூபாயும் கிட்டத்தட்ட தண்டம். அதே தப்பை நீங்க பண்ணக் கூடாதுன்னுதான் இந்தக் கட்டுரை.

இந்த ஆசை எங்கிருந்து வந்துச்சு?

நான் வேலை பார்க்குறது கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில. 2025 நவம்பர், டிசம்பர்ல ஜூனியர் ஆண்கள் ஹாக்கி உலகக் கோப்பை சென்னையிலயும் மதுரையிலயும் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மொத்தம் 24 அணிகள். ஜெர்மனி கோப்பையை ஜெயிச்சது, இந்தியா வெண்கலம் வாங்குச்சு. மதுரை ரேஸ்கோர்ஸ்ல மேட்ச் பார்த்துட்டு வந்த வாரமே, எங்க ஷிஃப்ட்ல எட்டுப் பேர் "நாமளும் ஞாயித்துக்கிழமை ஆடுவோம்டா"ன்னு கிளம்பிட்டோம். எல்லாரும் ஸ்கூல்ல ஸ்டிக் பிடிச்சவங்க. ஒருத்தன் கோவில்பட்டிக்காரன். ஹாக்கின்னா கோவில்பட்டி எப்படின்னு உங்களுக்கே தெரியும்.

ஆர்டர் பண்ணும்போது என்ன யோசிச்சேன் தெரியுமா? கம்பெனி ஸ்டோர்ல சேஃப்டி ஷூ வாங்கும்போது 9-ன்னு சொல்லுவேன், அதனால ஹாக்கி ஷூவும் 9. டி-ஷர்ட் எல் போடுவேன், அதனால கிளவுஸும் எல். அக்கா பையனுக்கு வயசு ஒன்பது, வளர்ற பையன், அதனால ரெண்டு சைஸ் பெருசு. இந்த மூணு "அதனால"வும் தப்பு.

முதல் மேட்ச்சுல குதிகால் கொப்புளிச்சது. ரெண்டாவதுல, ஓடி வந்து நிக்கும்போதெல்லாம் கால் முன்னாடி வழுக்கி விரல் ஷூவுல முட்டுச்சு. மூணாவது முடிஞ்சப்போ கட்டைவிரல் நகம் கறுத்துப்போச்சு. அடுத்த நாள் நொண்டிக்கிட்டே ஷிஃப்ட்டுக்குப் போனேன். அந்த ஷூ இப்பவும் பரண்ல கிடக்கு.

விலையைப் பார்க்காதீங்க, ஒரு தடவைக்கு என்ன விலைன்னு பாருங்க

நம்ம சேனல்ல அடிக்கடி சொல்ற கணக்குதான் இது. ஒரு பொருளோட உண்மையான விலை = கொடுத்த பணம் ÷ பயன்படுத்துன தடவை.

* என் ஷூ: 2,399 ÷ 3 மேட்ச் = ஒரு மேட்ச்சுக்கு ஏறக்குறைய 800 ரூபாய்.
* அளவு சரியா இருக்குற 2,800 ரூபாய் ஷூ, வருஷத்துக்கு 50 ஞாயித்துக்கிழமை: 2,800 ÷ 50 = 56 ரூபாய்.

பில்லுல பார்த்தா முதல் ஷூ 401 ரூபாய் சீப். காலுல போட்டுப் பார்த்தா அதுதான் பதினாலு மடங்கு காஸ்ட்லி. 50% தள்ளுபடியில வாங்கி, ஒரு தடவைகூட ஒழுங்கா போட முடியலைன்னா அது 100% நஷ்டம். இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டாலே போதும்.

சரி, அளவை எப்படிச் சரியா பார்க்குறது? ஒண்ணொண்ணா வாங்க.

1. முதல்ல உங்க காலை அளங்க

தேவை: ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா, ஒரு ஸ்கேல். செலவு ஒண்ணுமில்ல.

* சாயங்காலம் அளங்க. நாள் பூரா நின்னு வேலை பார்த்தா கால் கொஞ்சம் வீங்கும். ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் அளக்குறதுதான் சரி. காலையில எழுந்ததும் அளந்து வாங்குன ஷூ, ரெண்டாவது பாதி ஆட்டத்துல இறுக்கும்.
* ஆடும்போது போடுற சாக்ஸைப் போட்டுக்கிட்டு அளங்க. ஹாக்கி சாக்ஸ் தடிமனா இருக்கும்.
* தாளைச் சுவரை ஒட்டி வச்சு, குதிகால் சுவரைத் தொடுற மாதிரி நேரா நில்லுங்க. உக்காந்து அளக்காதீங்க. உடம்பு எடை இறங்கும்போதுதான் பாதம் முழுசா விரியும்.
* நீளமான விரல் எங்க முடியுதோ அங்க கோடு போடுங்க. சில பேருக்குக் கட்டைவிரலை விட ரெண்டாவது விரல் நீளம்.
* பாதத்தோட அகலமான இடத்துல ரெண்டு பக்கமும் புள்ளி வச்சு அதையும் அளங்க.
* ரெண்டு காலையும் அளங்க. நிறைய பேருக்கு ஒரு கால் கொஞ்சம் பெருசா இருக்கும். பெரிய காலுக்குத்தான் ஷூ.

இந்த அளவை மில்லிமீட்டர்ல போன்ல சேவ் பண்ணி வைங்க. இனிமே "என் சைஸ் 9"ன்னு சொல்லாதீங்க, "என் பாதம் 262 மில்லிமீட்டர்"னு சொல்லுங்க. ஏன்னா 7, 8, 9-ங்கிறது இங்கிலாந்து அளவு. ஒரு எண் ஏறுனா நீளம் ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர் கூடும். 41, 42-ன்னு வர்ற ஐரோப்பிய அளவுல ஒரு எண்ணுக்கு 6.7 மில்லிமீட்டர்தான். இது போக ஒவ்வொரு கம்பெனியோட அச்சும் வேற. ஒரு பிராண்டோட 8-ம் இன்னொரு பிராண்டோட 8-ம் ஒண்ணா இருக்கணும்னு அவசியமில்ல. அதனால சைஸ் சார்ட்ல "பாத நீளம்"னு போட்டிருக்குற வரிசையைப் பார்த்து எடுங்க.

2. நீளம் மட்டுமில்ல, அகலம்தான் நம்ம பிரச்சினை

நான் ஏன் 9 போட்டுக்கிட்டு இருந்தேன்? அளந்து பார்த்தா எனக்கு 8 போதும். ஆனா பாதம் அகலம். 8 போட்டா பக்கவாட்டுல கடிக்கும்னு 9-க்குப் போயிட்டேன். அகலம் சரியாச்சு, நீளம் கூடிப்போச்சு. கால் உள்ள முன்னும் பின்னும் ஓடுச்சு. நகம் கறுத்த காரணம் அதுதான்.

இது என் கால்ல மட்டும் இருக்குற கோளாறு இல்ல. சென்னை அடையாறுல இருக்குற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது சி.எல்.ஆர்.ஐ., 2021 டிசம்பர்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் நாடு முழுக்க 79 இடங்கள்ல ஒரு லட்சத்துக்கும் மேலானவங்க பாதத்தை 3டி ஸ்கேனர் வச்சு அளந்துச்சு. இந்தியர்களோட பாதம், ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தை விட அகலம்னு அதுல தெரிய வந்துச்சு. குறுகலான ஷூ பத்தாம, நம்மாளுங்க பெரிய சைஸ் எடுத்துப் போட்டுக்குறாங்கன்னும் தெரிஞ்சது. இதை வச்சு இந்தியர்களுக்குன்னே "பா"ங்கிற பேர்ல ஒரு அளவு முறையையும் பரிந்துரை பண்ணியிருக்காங்க. பாரத்ங்கிற பேரோட முதல் எழுத்து அது.

ஆனா கடையில இன்னும் இங்கிலாந்து எண்தான் ஓடுது. அதுவரைக்கும் நீங்க பண்ண வேண்டியது இது: ஷூக்குள்ள இருக்குற இன்சோலை வெளிய எடுத்து, தரையில வச்சு, அது மேல ஏறி நில்லுங்க. பாதம் ரெண்டு பக்கமும் இன்சோலை விட்டு வெளிய பிதுங்குதா? அந்த மாடல் உங்களுக்குக் குறுகல். சைஸை ஏத்தாதீங்க, மாடலை மாத்துங்க. சில கம்பெனிங்க அகலமான மாடல்னு தனியாவே போடுறாங்க. கேட்டு வாங்குங்க.

3. ஹாக்கி ஷூ: கடையில பார்க்க வேண்டிய நாலு விஷயம்

* நீளம்: நின்னு பார்க்கும்போது நீளமான விரலுக்கு முன்னாடி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்கணும். அதுக்கு மேல வேண்டாம்.
* குதிகால்: லேஸ் கட்டிட்டு நடங்க. குதிகால் ஷூவை விட்டு மேல எழும்பக் கூடாது.
* வேகம், திருப்பம்: கடைக்குள்ளயே நாலு அடி வேகமா போய்ச் சட்டுனு நில்லுங்க, இடது வலதா திரும்புங்க. ஹாக்கியில நேரா ஓடுறதை விட இதுதான் அதிகம். விரல் முன்னாடி முட்டுனா வேண்டாம்னு சொல்லிடுங்க.
* அடிப்பகுதி: சின்னச் சின்ன ரப்பர் குமிழ் நிறைய இருக்குற டர்ஃப் ஷூ எடுங்க. செயற்கைப் புல்லுக்கும் ஆகும், மண் கிரவுண்டுக்கும் ஆகும். நீளமான முள் இருக்குற ஃபுட்பால் ஷூ டர்ஃபுக்கு ஆகாது.

இன்னொண்ணு, சாக்ஸ். சர்வதேச டர்ஃபுல தண்ணி தெளிச்சு ஆடுவாங்க. மண்ணுல ஆடுற நமக்கு மதுரை வேர்வையே போதும். ஈரமான காட்டன் சாக்ஸ் உரசி உரசிக் கொப்புளம் வரும். வேர்வையை உறிஞ்சி வெளிய விடுற செயற்கை இழை சாக்ஸ் ஒரு ஜோடி வாங்குங்க.

4. கிளவுஸ்: டி-ஷர்ட் சைஸ் வேற, கை சைஸ் வேற

ஹாக்கியில பெரும்பாலும் இடது கைக்குத்தான் கிளவுஸ் போடுவாங்க. ஸ்டிக்கோட மேல் நுனியைப் பிடிக்குறது இடது கை. குனிஞ்சு ஸ்டிக்கைத் தரையோட படுக்கவச்சுப் பந்தைத் தடுக்கும்போது தரையில உரசுறதும் அந்த விரல் முட்டிதான். அதனால ஆர்டர் பண்ணும்போது "இடது"ன்னு போட்டிருக்கான்னு முதல்ல பாருங்க.

அளக்குறது எப்படி? கட்டைவிரலை விட்டுட்டு, விரல் முட்டிகளைச் சுத்தி உள்ளங்கையை டேப்பால அளங்க. அப்புறம் நடுவிரல் நுனியில இருந்து மணிக்கட்டு மடிப்பு வரைக்கும் அளங்க. இந்த ரெண்டையும் சார்ட்டோட ஒப்பிடுங்க. ரெண்டும் வேற வேற சைஸ் காட்டுனா போட்டுப் பார்க்காம வாங்காதீங்க.

போட்டுப் பார்க்கும்போது:

* முழு விரல் கிளவுஸ்னா விரல் நுனியில காலியா துணி தொங்கக் கூடாது.
* விரல் இடுக்கு கிளவுஸோட இடுக்குல போய் உக்காரணும்.
* முஷ்டியை மடக்குனா முட்டி மேல இறுக்கிப் பிடிக்கக் கூடாது.
* உங்க ஸ்டிக்கையே கடைக்கு எடுத்துட்டுப் போய்ப் பிடிச்சுப் பாருங்க. வெட்கப்படாதீங்க. சட்டை வாங்கும்போது போட்டுப் பார்க்குறோம்ல?

என் எல் சைஸ் கிளவுஸ்ல என்ன ஆச்சுன்னா, உள்ள கை நழுவும். நழுவ நழுவ நான் ஸ்டிக்கை இன்னும் இறுக்கிப் பிடிப்பேன். அரை மணி நேரத்துல முன்னங்கை மரத்துப்போயிடும். நான் என்னமோ எனக்குத்தான் ஸ்டாமினா இல்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஆடி முடிச்சதும் கிளவுஸை நிழல்ல காயப்போடுங்க. வெயில்ல போட்டா தோல் பகுதி வெறைச்சுப்போகும்.

5. ஸ்கேட்ஸ்: "வளர்ற பையன்" கணக்கு இங்க செல்லாது

ஷூ, கிளவுஸ்ல போனது என் பணம். ஸ்கேட்ஸ் விஷயம்தான் எனக்கு இன்னும் உறுத்தலா இருக்கு.

அக்கா வீடு திருமங்கலத்துல. பையன் ஸ்கேட்டிங் கிளாஸ்ல சேரணும்னு ஒரு வருஷமா கேட்டுக்கிட்டு இருந்தான். நம்ம வீடுகள்ல ஸ்கூல் யூனிஃபார்ம் எப்படித் தைப்போம்? அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும்னு மடிச்சுத் தைப்போம். அதே புத்தியில ரெண்டு சைஸ் பெருசா வாங்கிக் கொடுத்தேன். "உள்ள துணி வச்சுக்கலாம்டா"ன்னு சொன்னதும் நான்தான்.

நாலு கிளாஸ் போனான். நிக்கும்போதே கணுக்கால் உள்பக்கமா மடங்குச்சு. விழுந்து விழுந்து முட்டியெல்லாம் சிராய்ப்பு. அவனோட சேர்ந்த பசங்க ரவுண்டு அடிச்சுக்கிட்டு இருக்க, இவன் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே நின்னான். அஞ்சாவது வாரம், "எனக்கு இது வராது மாமா, விட்டுடுறேன்"னான்.

நானும் நேர்ல போய்ப் பார்த்தேன். பயிற்சியாளர் ஒண்ணும் பேசல. பையனை நிக்க வச்சு, ஸ்கேட்ஸுக்கும் குதிகாலுக்கும் நடுவுல ரெண்டு விரலை விட்டுக் காட்டுனார். விரல் தாராளமா உள்ள போச்சு. அப்புறம் இன்னொரு பையனோட ஸ்கேட்ஸைக் கொடுத்துப் போடச் சொன்னார். சரியான அளவு. பத்து நிமிஷத்துல கம்பியை விட்டுட்டான். அன்னிக்கே ஒரு ரவுண்டு வந்தான்.

அவனுக்கு வராம இல்ல. நான் வாங்கிக் கொடுத்தது அப்படி. ஸ்கேட்ஸ் வாங்கும்போது இதையெல்லாம் பாருங்க:

* ஸ்கேட்ஸ், ஷூவை விட கச்சிதமா இருக்கணும். நேரா நின்னா விரல் நுனி முன்பக்கத்தை லேசா தொடலாம். முட்டியை மடக்கி முன்னாடி சாய்ஞ்சா குதிகால் பின்னாடி போய் உக்கார்ந்து, விரல் கொஞ்சம் விடுபடணும். ஸ்கேட்டிங் பண்றதே அந்த நிலையிலதான்.
* போட்டதும் குதிகாலைத் தரையில லேசா தட்டி பின்னாடி தள்ளிட்டு, அப்புறம் லேஸ் கட்டுங்க. விரல் பக்கம் தளர்வா, பாதத்து மேல கச்சிதமா, கணுக்கால்ல உறுதியா.
* முன்னாடி சாயும்போது குதிகால் உள்ள எழும்புனா பெருசு. விரல் மரத்துப்போனா சிறுசு.
* தடிமனான சாக்ஸ், ரெண்டு சாக்ஸ், துணி எதுவும் வேண்டாம். மெல்லிசா ஒரே சாக்ஸ்.
* புது ஸ்கேட்ஸை வீட்டுக்குள்ள பாய் மேல 20 நிமிஷம் போட்டு நிக்கச் சொல்லுங்க. கழட்டுனதும் தெரியுற சிவப்புத் தடம் கொஞ்ச நேரத்துல மறைஞ்சா பரவாயில்ல. ஒரே இடத்துல வலி, கொப்புளம்னா மாத்துங்க. பாய் மேல போட்டுப் பார்த்தா சக்கரமும் தேயாது, ரிட்டர்ன் பண்றதும் சுலபம்.

வளர்ற பிள்ளைக்கு வழியே இல்லையா? இருக்கு. நீளத்தைக் கூட்டிக் குறைக்குற அட்ஜஸ்டபிள் ஸ்கேட்ஸ் வருது. மூணு நாலு சைஸ் வரைக்கும் தாங்கும். இல்லேன்னா செகண்ட் ஹேண்ட். பசங்க கால் சீக்கிரம் வளர்றதால, கிளாஸ்லயே நல்ல நிலைமையில பழைய ஸ்கேட்ஸ் கிடைக்கும். நானும் கடைசியில 1,500 ரூபாய்க்கு அப்படித்தான் வாங்குனேன். முதல்லயே கேட்டிருந்தா 3,200 ரூபாய் மிச்சம்.

6. பணம் கொடுக்குறதுக்கு முன்னாடி

ரிட்டர்ன் விதியைப் படிங்க. பொருள் பழுதா இருந்தாலோ, விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லாட்டியோ, ஆன்லைன் விற்பனையாளர் திரும்ப எடுக்க மாட்டேன்னு சொல்ல முடியாது. 2020-ல வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் அப்படித்தான் சொல்லுது. ஆனா "எனக்கு அளவு சேரல"ங்கிறது பழுது இல்ல. அது முழுக்க அந்தக் கடையோட ரிட்டர்ன் பாலிசியைப் பொறுத்தது. கிளியரன்ஸ் சேல்ல "ரிட்டர்ன் இல்லை"ன்னு சின்ன எழுத்துல இருக்கும். எனக்கு நடந்தது அதுதான். அளவு தெரியாத பிராண்டை ரிட்டர்ன் இல்லாத ஆஃபர்ல வாங்காதீங்க. நியாயமான புகாரை ஏத்துக்கலைன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்குக் கூப்பிடுங்க.

டேக்கைக் கழட்டாதீங்க. வந்த அன்னிக்கே போட்டுப் பாருங்க. "ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்"னு விட்டா ரிட்டர்ன் தேதி போயிடும்.

ஜி.எஸ்.டி. கோட்டைக் கவனிங்க. 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஜோடி 2,500 ரூபாய் வரைக்கும் ஷூவுக்கு 5% வரி, அதுக்கு மேல 18%. வரிக்கு முன்னாடி 2,500 ரூபாய் ஷூ உங்க கைக்கு வரும்போது 2,625. 2,600 ரூபாய் ஷூ 3,068. நூறு ரூபாய் வித்தியாசம் 443 ரூபாயா மாறுது. அந்தக் கோட்டுக்குக் கீழ உங்க காலுக்குப் பொருந்துற ஷூ இருந்தா அதை எடுங்க. ஆனா பொருந்தாத ஷூவை வரி மிச்சம்னு எடுக்காதீங்க.

நோ-காஸ்ட் இ.எம்.ஐ. வேண்டாம். மூவாயிரம் ரூபாய் ஷூவுக்கு எதுக்கு கடன்? வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி கொடுத்தாலும், அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி. உங்க தலையிலதான். பிராசசிங் ஃபீ இருந்தா அதுவும் சேரும். மாசம் 500 ரூபாய் தனியா எடுத்து வைங்க, ஆறு மாசத்துல ரொக்கமாவே வாங்கிடலாம். அதுவரைக்கும் கூட ஆடுறவங்க ஷூவை, கிளவுஸை ஒரு நாள் போட்டுப் பார்த்து எந்த மாடல் சேருதுன்னு கண்டுபிடிங்க.

கடைசியா ஒண்ணு

வேலைக்குச் சேர்ந்த புதுசுல விளையாட்டுக்குன்னு நாம செலவு பண்றதே கொஞ்சம். அந்தப் பணம் வீணானா பரவாயில்ல, அடுத்த மாசம் சம்பளம் வரும். ஆனா அளவு சேராத ஒரு ஷூவால "நமக்கு இது வராது"ன்னு ஆட்டத்தையே விட்டுட்டா, அதைத் திரும்ப வாங்க முடியாது. அக்கா பையன் கிட்டத்தட்ட விட்டுட்டான். நானும்தான்.

இன்னிக்குச் சாயங்காலம் ஷிஃப்ட் முடிஞ்சு போனதும் ஒரு தாளை எடுத்து ரெண்டு காலையும் அளந்து போன்ல போட்டு வைங்க. அஞ்சு நிமிஷ வேலை. அதுக்கு அப்புறம் ஆஃபர் பாருங்க.

நீங்க இது மாதிரி அளவு சேராம பணத்தை விட்ட கதை இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. அளக்குற முறையை அடுத்த வீடியோவுல செஞ்சே காட்டுறேன்.